டயட்ல தினமும் ஒரே கலோரி வேண்டாம், வாரக் கணக்கா போடுங்க

வெயிட் குறைக்கணும்னு ஒரு ஆப்ப போட்டா முதல் நாளே அது ஒரு நம்பர் குடுத்துரும், 1200ன்னோ 1400ன்னோ, திங்கட்கிழமைக்கும் அதான், ஞாயித்துக்கிழமைக்கும் அதான். நம்ம வீடுகள்ல ஞாயித்துக்கிழமை அப்படியா இருக்கு? காலைலயே கறி எடுத்துட்டு வந்து குழம்பு கொதிக்கிற வீட்ல அரை கப் சோத்தோட எந்திரிக்க யாரால முடியும். நான் எட்டு மாசம் தினம் 1200ன்னு இழுத்துப் பிடிச்சேன், ஆறு நாள் ஒழுங்கா போகும், ஞாயிறு மதியம் தாண்டிரும், தாண்டுனதும் இன்னைக்கு போச்சு நாளைக்கு பாத்துக்கலாம்னு ராத்திரி வரைக்கும் கைல கெடச்சதெல்லாம் சாப்பிடுவேன். வெயிட் அசையவே இல்ல. வாரக் கணக்குக்கு மாறுனதுக்கு அப்புறம்தான் குறைய ஆரம்பிச்சுது, அத எப்படி போடறதுன்னு சொல்றேன்.

முதல்ல உங்க உடம்பு ஒரு நாளைக்கு எவ்ளோ செலவு பண்ணுதுன்னு தெரியணும். மிஃப்ளின் செயின்ட் ஜியோர்னு 1990ல வந்த ஒரு ஃபார்முலா இருக்கு, எடைய (கிலோ) 10ஆல பெருக்குங்க, உயரத்த (செ.மீ) 6.25ஆல பெருக்கி கூட்டுங்க, வயச 5ஆல பெருக்கி கழிங்க, கடைசியா பொம்பளைங்கன்னா 161 கழிக்கணும், ஆம்பளைங்கன்னா 5 கூட்டணும். 35 வயசு, 158 செ.மீ, 72 கிலோ இருக்கிற பொண்ணுக்கு சுமார் 1370 வரும். இது சும்மா படுத்திருந்தாலே ஆகுற செலவு. உக்காந்தே வேலைன்னா 1.2, வாரத்துல ரெண்டு மூணு நாள் நடக்கறீங்கன்னா 1.375ஆல பெருக்குங்க, 1.375க்கு 1885 கிட்ட வருது. அதுலேர்ந்து ஒரு 385 கழிச்சா 1500. இத நாளைக்கு 1500ன்னு வெக்காம வாரத்துக்கு 10,500ன்னு வெச்சுக்கோங்க.

இப்ப பிரிக்கிறது உங்க இஷ்டம். திங்கள்லேர்ந்து வெள்ளி 1400, சனி ஞாயிறு 1750ன்னா மொத்தம் 10,500 வருது. ஞாயிறு மட்டும்தான் எனக்கு பிரச்சனைன்னா ஆறு நாள் 1400, ஞாயிறு 2100, அதுவும் 10,500தான். ரெண்டுலயும் செலவ விட சாப்பாடு வாரத்துக்கு 2700 கலோரி கம்மியாகுது, ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7700னு கணக்கு, அப்படின்னா மாசம் ஒன்னேகால்லேர்ந்து ஒன்னரை கிலோ குறையும். கம்மின்னு தோணும், ஆனா ஒரு வருஷம் விடாம செய்ய முடியறது இதுதான்.

மாத்தி மாத்தி சாப்பிட்டா மெட்டபாலிசம், அதாவது உடம்பு கலோரி எரிக்கிற வேகம், தூண்டப்படும்னு நிறைய வீடியோல சொல்றாங்க, அத நம்பி இறங்காதீங்க. வார மொத்தம் ஒண்ணா இருந்தா குறையறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், லாபம் என்னன்னா பாதில விட்டுட்டு போக மாட்டோம்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் ரொம்ப கண்டிப்பு: அதிகம் சாப்பிடற நாள முன்னாடியே முடிவு பண்ணணும். வியாழக்கிழமை ஆபீஸ்ல பிரியாணி சாப்பிட்டுட்டு வெள்ளிக்கிழமை பட்டினி கெடந்து சரிகட்டறது வாரக் கணக்கு கெடையாது, அது தண்டனை, வெள்ளி ராத்திரியே அது உடையும். அதே மாதிரி கம்மி நாள்னு சொல்லி 800, 900க்கு இறங்காதீங்க, டாக்டர் பாக்காம பொம்பளைங்க 1200க்கு கீழயும் ஆம்பளைங்க 1500க்கு கீழயும் போக வேணாம்.

கம்மி நாள்ல எத கொறைக்கறதுன்னா சோறும் எண்ணெயும்தான், பருப்பு முட்டை மீன் தயிர் காய்ல கை வெக்காதீங்க. புரோட்டீன் எல்லா நாளும் ஒரே அளவு இருக்கணும், உங்க எடைல கிலோவுக்கு 1.2 கிராமாவது, இல்லன்னா கொழுப்போட சேந்து தசையும் கரையும். எண்ணெய் விஷயத்த நேர்ல பாத்தாதான் நம்புவீங்க. நான் ஒரு நாள் எண்ணெய் தூக்க கிச்சன் தராசுல வெச்சு எடை பாத்துட்டு, எப்பவும் போல நாலு தோச ஊத்திட்டு, திரும்ப வெச்சு பாத்தேன், 31 கிராம் குறைஞ்சிருந்தது. கிராமுக்கு 9 கலோரி, எண்ணெய் மட்டுமே 279. அடுத்த நாள் டீஸ்பூன்ல அளந்து தோசைக்கு அரை ஸ்பூன் விட்டேன், நாலுக்கும் சேத்து 80, 90 தான் ஆச்சு, ஓரம் அதே முறுகல். கம்மி நாள்ல மிச்சம் பிடிக்க கிட்டத்தட்ட 200 கலோரி அந்த ஒரு கல்லுலயே கெடச்சிருச்சு.

விரதம் இருக்கிறவங்களுக்கு கம்மி நாள் ஏற்கனவே கேலண்டர்லயே இருக்கு, புரட்டாசி சனி, ஏகாதசி, கிருத்திகைன்னு. ஆனா விரதம் விட்டு எலைல வடையும் பாயசமும் விழற வீடா இருந்தா அத கம்மி நாள்னு எழுதாதீங்க, மனசார அதிக நாள்லயே சேருங்க.

திங்கட்கிழமை காலைல வெயிட் மிஷின் ஏறி பயப்படாதீங்க. ஞாயிறு சோறும் உப்பும் கூடுனா மறுநாள் ஒரு கிலோ, ஒன்னரை கிலோ கூட ஏறிக்காட்டும், அது தண்ணி. சோத்துலேர்ந்து வர்ற சர்க்கரைய உடம்பு கிளைகோஜனா மாத்தி சேத்து வெக்கும், அப்படி சேத்து வெக்கிற ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் கூடவே ஏறக்குறைய மூணு கிராம் தண்ணிய பிடிச்சு வெச்சுக்கும், புதன் வியாழன்ல எறங்கிரும். தினம் பாக்கறீங்கன்னா ஏழு நாள் சராசரிய எடுத்து போன வார சராசரியோட ஒப்பிடுங்க, பீரியட்ஸ் வர்றவங்க போன மாசம் அதே வாரத்தோட ஒப்பிட்டா இன்னும் சரியா இருக்கும். அஞ்சு கிலோ குறைஞ்சதும் ஃபார்முலாவ திரும்ப போடுங்க, மேல சொன்ன பொண்ணு 67 கிலோவுக்கு வந்தா செலவு ஒரு 70 கலோரி குறைஞ்சிருக்கும்.

சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க தயவுசெஞ்சு இத தானா ஆரம்பிக்காதீங்க, ஒரு நாள் கம்மி ஒரு நாள் அதிகம்னா லோ சுகர் ஆகலாம், டோஸ டாக்டர்தான் சொல்லணும். கர்ப்பமா இருக்கிறவங்க, பால் குடுக்கறவங்க, சாப்பாட்டு விஷயத்துல முன்னாடி மனசளவுல கஷ்டப்பட்டவங்க, உங்களுக்கும் இது வேணாம்.

கல்யாண சீசன் வந்து வாரத்துல மூணு பந்தி இருக்குன்னா வாரக் கணக்கும் தாங்காது, அப்ப ரெண்டு வாரம் குறைக்கறத நிறுத்திட்டு மெயின்டெனன்ஸ்ல, அதாவது வெயிட் ஏறாம எறங்காம நிக்கிற அளவுல, நம்ம உதாரணத்துல நாளைக்கு 1885ல, நில்லுங்க. ஆஸ்திரேலியால 51 குண்டான ஆம்பளைங்கள வெச்சு பண்ண ஒரு ஆராய்ச்சி 2017ல வந்துச்சு, ரெண்டு வாரம் டயட் ரெண்டு வாரம் மெயின்டெனன்ஸ்னு மாத்தி மாத்தி 30 வாரம் போனவங்களுக்கு, 16 வாரம் ஒரே மூச்சா பண்ணவங்கள விட அதிகமா குறைஞ்சுது. அந்த ரெண்டு வாரமும் எழுதறத மட்டும் விடாதீங்க, பந்தில என்ன சாப்பிட்டீங்களோ அத வண்டில திரும்பி வரும்போதே போன்ல போட்டுருங்க, வீட்டுக்கு வந்தா அப்பளமும் ரெண்டாவது ஜாங்கிரியும் மறந்து போயிரும்.