உயிர் தீர்ந்ததா? போனைக் கீழே வையுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வேலை முடிந்து ஒட்டுக்கடையில் தே தாரேக்கோடு உட்காருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஏதோ ஒரு கேம் ஓடிக்கொண்டிருக்கும். விளையாடுவதில் தப்பில்லை. நிறுத்தவிடாமல் இழுப்பது எது என்று தெரிந்தால் போதும்.

2012-இல் வந்த கேண்டி கிரஷ் சாகாவைப் பாருங்கள். மொத்தம் 5 உயிர், ஒரு கட்டத்தில் தோற்றால் ஒன்று போகும். போனது திரும்பி வர 30 நிமிடம். ஐந்தும் நிரம்ப இரண்டரை மணி நேரம். ஆசை அடங்குவதற்குள் ஆட்டம் நின்றுவிடுவதால்தான் மனம் அதையே சுற்றுகிறது. பொறுக்க முடியாதவர் காசு கொடுத்து உயிர் வாங்குவார், கேம் நிறுவனத்துக்கும் அதுதானே வேண்டும்! நீங்கள் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். அப்புறம், 'உயிர் நிரம்பிவிட்டது' என்று கூப்பிடும் அறிவிப்பை செட்டிங்ஸில் அணைத்துவிட்டால் பாதித் தொல்லை போச்சு.

தினமும் வந்தால் பரிசு என்பதும் இதே ரகம்தான். வேண்டுமென்றே ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

உங்கள் போன் பிள்ளைகள் கைக்குப் போகிறதா? ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி பிளே ஸ்டோரில் மாற்றிவிடுங்கள். பணம் போன் பில்லிலோ ப்ரீபெய்ட் கணக்கிலோ கழியும்படி இணைத்திருந்தால் இது கட்டாயம்.