கேஸ்ட்ரிக் குளிசை: எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பாமசியில் "நெஞ்செரிவுக்கு ஒன்று தாங்க" என்று கேட்டால், அனேகமாக ஓமிப்ரசோல்தான் கைக்கு வரும். வாங்கியவர் சோறு தின்று, எரிவு தொடங்கிய பிறகு அதை விழுங்குவார். அப்புறம் மருந்து சரியில்லை என்பார். மருந்து சரிதான், போட்ட நேரம்தான் பிழை.

1. அட்டையில் பெயரைப் பாருங்கள்

ஓமிப்ரசோல், பான்டோப்ரசோல் போல "பிரசோல்" என்று முடிபவை அமிலம் சுரப்பதையே அடக்கும். பமோடிடின் அவ்வளவு வலுவில்லை, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் கேட்கும். இரவு எரிவுக்கு நல்லது. வெள்ளைப் பாணி மருந்து, ஏற்கனவே சுரந்த அமிலத்தைச் சில நிமிடங்களில் முறிக்கும். சுகம் நெடுநேரம் நிற்காது. ரனிடிடின் பழைய அட்டை வீட்டில் கிடந்தால் எறியுங்கள். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மாசு அதில் இருந்ததால், 2020இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது.

2. நேரம்

ஓமிப்ரசோலைக் காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன், வெறும் வயிற்றில் போட வேண்டும். சாப்பாடு இறங்கும்போதுதான் இரைப்பையின் அமிலப் பம்புகள் ஓடத் தொடங்கும். ஓடும் பம்பைத்தான் இந்த மருந்தால் பூட்ட முடியும். விடியலில் வயலுக்குப் போகிறவர் எழும்பியவுடன் போடலாம். நோன்பு காலத்தில் ஸஹர் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன். கெப்சியூலைச் சப்பக் கூடாது. முழுப் பலன் தெரிய 3, 4 நாள் ஆகும். பொறுக்காமல் இரண்டு இரண்டாகப் போடாதீர்கள்.

3. மற்றக் குளிசைகள்

நாரி நோவுக்கு டைக்ளோபெனாக் போடுகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். எரிவைத் தருவதும் குளிசை, அணைப்பதும் குளிசை! முதலில் அதைப் பற்றி டொக்டரிடம் கேளுங்கள். இருதய வருத்தத்துக்குக் குளோபிடோகிரெல் எடுப்பவருக்கு ஓமிப்ரசோல் ஒத்துவராது, குளோபிடோகிரெலின் பலனைக் குறைக்கும். பாணி மருந்துக்கும் தைரொக்சின், இரும்புச்சத்துக் குளிசைகளுக்கும் இடையில் 4 மணி நேரம் விடுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் பாணி மருந்தைத் தாமாகக் குடிக்கக் கூடாது.

4. பக்க விளைவு

தலையிடி, வயிற்று நோவு, வயிற்றோட்டம் வரலாம், பெரும்பாலும் லேசாகத்தான். பாணி மருந்தில் அலுமினியம் மலத்தைக் கட்டும், மக்னீசியம் இளக்கும். இரண்டையும் கலப்பது அதனால்தான். பிரசோல் வகையை வருடக்கணக்கில் எடுத்தால் பி12, மக்னீசியம் குறையலாம், எலும்பு முறியும் வாய்ப்பும் சற்றுக் கூடும்.

5. நிறுத்துவது

தானாக வாங்கிப் போடுவது 14 நாளோடு போதும். சுகமில்லை என்றால் இன்னொரு அட்டை வாங்காமல் டொக்டரிடம் போங்கள். நெடுநாள் எடுத்தவர் சட்டென்று விட்டால் அமிலம் முன்னையை விடப் பொங்கும். வருத்தம் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடியும் தொடங்குவார்கள். டொக்டர் சொல்கிறபடி மெல்லக் குறைக்க வேண்டும். இரைப்பைப் புண்ணில் இரத்தம் கசிந்தவர்களுக்கு நெடுநாள் தேவைப்படலாம், அவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது.

மலம் தார்போல் கறுத்தால், இரத்தமாக வாந்தி எடுத்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சை இறுக்கி, வியர்த்து, இடது கைக்கு நோவு பரவினால் கேஸ்ட்ரிக் என்று பாணி மருந்து தேடாமல் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.