மதுரை கிடைத்தது, போடி கிடைக்கவில்லை

எங்கள் ரத்ததானக் குழுவின் கொடையாளர் பட்டியலில், ஊரை வைத்து மாவட்டத்தை எடுக்க லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் செயலியில் வீலுக்அப் (VLOOKUP, ஒரு சொல்லை இன்னொரு பட்டியலில் தேடி அதற்கு நேரே உள்ளதை எடுத்துத் தரும் சூத்திரம்) போட்டேன். மதுரை, தேனி சரியாக வந்தன. போடி, பொள்ளாச்சி, கோவில்பட்டி மூன்றும் வரவே இல்லை. கூடுதல் இடைவெளியை நீக்கும் ட்ரிம் (TRIM) போட்டேன், எழுத்துருவை மாற்றினேன். மூன்று நாள் போனது.

சிக்கிய ஊர்களில் எல்லாம் ஒகரமோ ஓகாரமோ இருப்பதை அப்புறம்தான் கவனித்தேன். குறிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் லென் (LEN) போட்டால் ஒரு பட்டியலின் போடிக்கு 4, இன்னொரு பட்டியலின் போடிக்கு 5! பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலில் இரட்டைக்கொம்பு தனியாக, கால் தனியாக, 3015, 3006 என்ற யூனிகோடு எண்களில் இரண்டு குறிகளாக இருந்தன. திரையில் வித்தியாசமே தெரியாது.

ஒன்றை இன்னொன்றாக மாற்றும் சப்ஸ்டிட்யூட்டுக்குள் (SUBSTITUTE), எண்ணைக் குறியாக்கித் தரும் யூனிகேர் (UNICHAR) கொடுத்து அந்த இரண்டையும் ஒரே 3019 ஆக்கினேன். ஒகரத்துக்கு ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 சேர்ந்து 3018. எல்லா ஊரும் வந்துவிட்டது, நிம்மதி.