ஒரு கிரவுண்ட் மனையில் புதர்க்காடு: சென்னைப் புறநகர் வீட்டுக்குச் செய்முறை

பட்டாம்பூச்சி வரவேண்டும் என்று பூச்செடியாக வாங்கி நிரப்புகிறவர்களே அதிகம். பூ இருந்தால் வரும். தேன் குடித்துவிட்டுப் போய்விடும். அது தங்கி முட்டையிட வேண்டுமானால் புழு தின்னும் இலை வேண்டும். பெரும்பாலான புழுக்கள் ஒன்றிரண்டு வகைச் செடியைத்தான் தொடும். தேன்சிட்டு பூவில் தேன் குடித்தாலும் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது. ஆகவே செடி வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி, இதன் இலையை யார் தின்பார்கள் என்பது.

நம் கடற்கரையோர மண்ணுக்கு உரியது உலர் பசுமைக்காடு. உயரம் குறைந்த மரங்களும் முட்புதரும் கொடியுமாகப் பின்னிக் கிடக்கும். கிண்டியிலும் வண்டலூர்ப் பக்கமும் புதுச்சேரிக்கு அருகில் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டிலும் மிச்சம் இருக்கிறது. உயரம் குறைந்ததால் வீட்டு மனைக்கும் பொருந்தும்.

40க்கு 60 அடி மனையில் 30க்கு 40 அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் 10 அடி, பக்கங்களில் 5 அடி. 1,200 சதுர அடி மிஞ்சும். கார், நடைபாதை, செப்டிக் டேங்க், போர் போக 600 சதுர அடி கிடைத்தால் போதும். முதலில் அதில் எங்கே ஆறு மணி நேரம் வெயில் விழுகிறது, மழையில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியில் தரையைத் தயார் செய்யுங்கள். சீமைக்கருவேலை தரைமட்டத்தில் வெட்டினால் துளிர்க்கும். ஓர் அடி தோண்டி அடிக்கட்டையோடு எடுக்க வேண்டும். உண்ணிச்செடியை ஒரு மழை பெய்த பிறகு வேரோடு பிடுங்கலாம். பார்த்தீனியத்தைப் பூக்குமுன், கையுறையோடு. தோலில் பட்டால் அரிக்கும். சூபாபுல் விதை மண்ணில் பல வருடம் கிடந்து முளைக்கும் என்பதால் அந்தக் களை எடுப்பு ஒரு தடவையில் முடியாது. தும்பை, குப்பைமேனி, நாயுருவி, பருப்புக்கீரை தானாக முளைத்திருந்தால் கைவைக்காதீர்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியதில் பாதி அங்கேயே இருக்கிறது.

புது வீடுகளில் பெரிய தொல்லை மண்தான். மேலே அழகாகச் செம்மண் பரப்பியிருப்பார்கள். அரை அடி தோண்டினால் செங்கல் தூளும் சிமென்ட் கட்டியும் வரும். சிமென்ட் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. செடி வைக்கும் இடங்களிலாவது ஒன்றரை அடி ஆழத்துக்குக் கட்டடக் கழிவை எடுத்துவிட்டு நல்ல தோட்ட மண்ணை நிரப்புங்கள்.

இனி செடிகள். மரம் ஒன்று போதும்: காசான் அல்லது பராய். இரண்டும் மெதுவாக வளரும், வெட்டினால் தாங்கும். பராய்ப் பழத்துக்குக் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். பின்பக்க மூலையில், செப்டிக் டேங்க் இல்லாத பக்கமாக வையுங்கள். ஆல், அரசு வேண்டவே வேண்டாம். வேர் குழாயைத் தேடிப் போகும்.

காம்பவுண்டு ஓரம் களாவும் சங்கஞ்செடியும் 3 அடி இடைவெளியில். முள் இருப்பதால் பூனை நுழையாது, தவிட்டுக்குருவி நுழையும். நடைபாதை ஓரத்தில் மட்டும் முட்செடி வைக்காதீர்கள். களா வரிசைக்கு முன்வரிசையில் ஆவாரை, நொச்சி, விழுதி, வெட்சி. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். கருவண்டு போன்ற பெரிய தச்சுத்தேனீ இறக்கைத் தசையை அதிரவைத்து அதை உதிர்த்தெடுக்கும். வெட்சியில் கலப்பினக் குட்டை ரகம் வேண்டாம். நீண்ட குழல் உள்ள பழைய சிவப்பு ரகமே நல்லது.

புழுக்களுக்கு: கறிவேப்பிலை 3 (ஒன்று சமையலுக்கு, இரண்டு கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிக்கு), காட்டு எலுமிச்சை 1, எருக்கு 2. எருக்கில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிரில்லில் ஈஸ்வரமூலிக் கொடி 4 அல்லது 5, ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும். ஒரே கொடி வைத்தால் நாலைந்து புழுக்களே மொட்டையடித்துவிட்டுப் பட்டினி கிடக்கும். அதனால்தான் இந்த எண்ணிக்கை. கை வைத்தியம் என்று அதன் இலையையோ வேரையோ யாரும் சாப்பிடக் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். இடம் மிச்சமிருந்தால் கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும். நீல வரியன் ஆண்கள் காய்ந்த தேள்கொடுக்கைக்கூட மொய்க்கும். அதிலிருக்கும் வேதிப்பொருள் அவற்றின் இனச்சேர்க்கைக்குத் தேவை.

நர்சரியில் ஒன்று முதல் ஒன்றரை அடிக் கன்றாக வாங்குங்கள். ஆறடிக் கன்று பார்க்கத்தான் கம்பீரம். வேர் பைக்குள் சுருண்டிருக்கும். சின்னது சில வருடத்தில் அதை எட்டிப்பிடித்துவிடும். மருந்து அடித்ததா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் புழுச்செடியை மட்டுமாவது விதையிலிருந்தோ தெரிந்தவர் வீட்டுக் கன்றிலிருந்தோ வளர்ப்பது நல்லது.

நடவு புரட்டாசித் தொடக்கத்தில். சென்னைக்கு ஆண்டில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டும். அதற்குள் வேர் பிடித்திருந்தால் அடுத்த கோடையைத் தாங்கும். குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம். எடுத்த மண்ணிலேயே ஐந்தில் ஒரு பங்கு மட்கிய எரு கலந்து மூடுங்கள். எருவை அதிகம் கொட்டினால் வேர் குழியை விட்டு வெளியே போகாது. பை மண் மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைக்காதீர்கள், அழுகும். முடிச்சூர், வேளச்சேரி போலத் தண்ணீர் நிற்கும் இடமானால் 6 அங்குலம் மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்.

தண்ணீர்: மழை தொடங்கும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் கோடையில் புதருக்கு வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 10 லிட்டர், சாயங்காலம். தினம் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். இரண்டாவது கோடையில் பாதி, மூன்றாவதில் பெரும்பாலும் தேவைப்படாது.

சருகைக் கூட்டி எரிக்கக் கூடாது. செடியைச் சுற்றி 3 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் நாலு விரல் இடம் விடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை அடி வெறும் மண்ணாகவே இருக்கட்டும், கரையான் சுவரேறினால் கண்ணில் படும். இன்னொரு மூலையில் 2க்கு 3 அடி வெயில் படும் தரையைச் சருகு போடாமல் விடுங்கள். மண்ணில் துளைபோட்டுக் கூடுகட்டும் தனித்தேனீக்களுக்கு அது.

குடிநீருக்கு 15 அங்குல அகல மண்தட்டு, 2 அங்குல ஆழம், நடுவில் ஒரு கல். பூனை பதுங்க முடியாதபடி புதரிலிருந்து 5 அடி தள்ளி. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும்.

அக்கம்பக்கத்தில் முதல் பேச்சு பாம்பைப் பற்றித்தான் வரும். பாம்பு எலிக்கு வருகிறது. எலி குப்பைக்கும் சிந்திய தானியத்துக்கும் வருகிறது. விறகுக் குவியலைக் கடைசி மூலையில் வையுங்கள், நடைபாதைக்கு இருபுறமும் 2 அடி முழங்கால் உயரத்துக்கு மேல் வளரவிடாதீர்கள், இரவில் டார்ச்சில்லாமல் இறங்காதீர்கள். ராத்திரி முழுக்க எரியும் வெள்ளை விளக்கு அந்துப்பூச்சிகளைச் சுற்றவைத்தே கொல்லும். மங்கிய மஞ்சள் பல்பு போட்டு பத்து மணிக்கு அணைத்துவிடலாம்.

இலை ஓட்டையானதும் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தேடாதீர்கள், அதுவும் புழுவைக் கொல்லும். அசுவினி அப்பினால் தண்ணீர் பீய்ச்சுங்கள்; பொறிவண்டு வந்து மீதியைப் பார்த்துக்கொள்ளும். கவாத்து தைப் பொங்கல் கழிந்ததும், ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டும். வெட்டுமுன் இரண்டு இலை சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். தைத்திருந்தால் அது தையல்சிட்டின் கூடு. அந்தச் செடியைக் குஞ்சு பறந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம்.