எவ்வளவு வேகமாகப் பயிற்சி செய்தால் தசை என்ன சுரக்கும்? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

தைராய்டு, கணையம் என்றால் ஹார்மோன் சுரக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தசையும் சுரக்கும் என்பது பலருக்குத் தெரியாது. சுருங்கி வேலை செய்யும் தசையிலிருந்து ரத்தத்தில் கலந்து, கல்லீரல், கொழுப்பு என்று மற்ற இடங்களுக்குச் சேதி கொண்டுபோகும் இந்தப் பொருட்களுக்கு 2003இல் டென்மார்க்கைச் சேர்ந்த பென்டே கிளார்லுண்ட் பெடர்சனும் அவருடைய குழுவினரும் மயோகைன் என்று பெயர் வைத்தார்கள். நாம் எப்படிப் பயிற்சி செய்கிறோமோ அதைப் பொறுத்து இந்தச் சுரப்பும் மாறும். அதை மனதில் வைத்து எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

முதல் படி: உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள்

இதற்கு நாடித் துடிப்பை அளக்கும் கடிகாரமோ கைப்பட்டையோ வாங்க வேண்டாம், வாய்ப்பாடு போதும். நடந்துகொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லுங்கள். தடங்கல் இல்லாமல் சொல்லி, கூடவே பாட்டும் பாட முடிந்தால் அது லேசான வேகம். சொல்ல முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமானது. இரண்டு வரிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினால் அது கடுமையானது. என் அப்பாவுக்குச் சமதரையில் பத்து வரியும் சரளமாக வரும், அதே வேகத்தில் மேம்பாலம் ஏறும்போது ‘ஏழேழு’ என்று சொல்லிவிட்டு நாற்பத்தொன்பதுக்கு மூச்சு தேடுவார். அந்த இடத்தில்தான் அவருடைய எல்லை இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. உங்கள் எல்லையை நீங்களே கண்டுபிடியுங்கள், பக்கத்தில் நடப்பவரின் வேகம் உங்களுக்கு உதவாது.

இரண்டாம் படி: கால்களுக்கு வேலை கொடுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதிகம் ஆராயப்பட்ட மயோகைன் இன்டர்லூகின்-6. தசையில் சேமித்து வைத்த சர்க்கரை, அதாவது கிளைக்கோஜன், குறையக் குறைய இதன் சுரப்பு ஏறும். எவ்வளவு நேரம் செய்கிறோம், எவ்வளவு கடுமையாகச் செய்கிறோம், எவ்வளவு தசை வேலை செய்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கின்றன. அதனால் சின்ன டம்பெல்லைக் கையில் பிடித்துப் பத்து நிமிடம் தூக்குவதைவிட, தொடையும் பிட்டமும் சேர்ந்து உழைக்கும் வேக நடை, சைக்கிள், ஓட்டம் இவற்றில் இது அதிகமாகச் சுரக்கும். மாரத்தான் ஓடியவர்களின் ரத்தத்தில் இது 100 மடங்கு வரைகூட ஏறுவதுண்டு, ஓட்டம் முடிந்ததும் சீக்கிரமே இறங்கியும் விடும்.

இது ஏறினால் நமக்கு என்ன லாபம்? டென்மார்க்கில் தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்கவைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், முடிவு 2019இல் வெளிவந்தது. சாதாரணமாகப் பயிற்சி செய்தவர்களுக்கு வயிற்றின் உள்கொழுப்பு குறைந்தது. இன்டர்லூகின்-6 வேலை செய்யாமல் தடுக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டு அதே பயிற்சியைச் செய்தவர்களுக்குக் குறையவில்லை! நான் இந்த விஷயத்தில் ஆர்வம் கொண்டதே இதைப் படித்த பிறகுதான்.

ஆகவே முதல் நான்கு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், மிதமான வேகத்தில் நடங்கள். 20 நிமிடத்தில் தொடங்கி வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கிளைக்கோஜன் குறைந்தால் நல்லதுதானே என்று வெறும் வயிற்றில் ஓடிப் பார்க்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்து.

மூன்றாம் படி: இடையிடையே வேகத்தை ஏற்றுங்கள்

ஐந்தாம் வாரத்திலிருந்து, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இப்படி: பத்து நிமிடம் மெதுவாக நடை, அப்புறம் 30 விநாடி வாய்ப்பாடு சொல்ல முடியாத வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக. இதை நான்கு தடவை செய்து, கடைசியில் ஐந்து நிமிடம் சும்மா நடங்கள். இந்தக் கடும் வேகத்தில், தசை சர்க்கரையை எரிக்கும்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் நிறைய வெளியேறும். வேறு செல்கள் அதை ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்த்து லாக்-ஃபே என்ற பொருளாக்குகின்றன. 2022இல் வந்த ஆய்வில் இது எலிகளின் பசியைக் குறைத்தது. மனிதர்களில் ஸ்பிரிண்ட் ஓட்டத்துக்குப் பிறகு இது மிக அதிகமாக ஏறியது, அடுத்து எடைப் பயிற்சி, கடைசியில்தான் நீண்ட நேரப் பயிற்சி. மனிதர்களுக்கும் பசி குறையும் என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

நான்காம் படி: தசையை வளருங்கள்

சுரக்கும் இடமே தசை என்பதால் இதை விடக் கூடாது. வாரம் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது 10 தடவை, சுவரில் கை வைத்துத் தண்டால் 10 தடவை, இரண்டையும் மூன்று சுற்று.

இதயக் கோளாறு, ரத்தக் கொதிப்பு இருந்தால் மூன்றாம் படிக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் உள்ள நாளில் எதுவும் வேண்டாம், படுத்து ஓய்வெடுங்கள்.