மதுரையிலிருந்து கணித முகாமுக்குச் செல்வோர் கவனத்துக்கு

கோடை விடுமுறையில் கணித முகாமுக்குப் போகப்போவதாக வீட்டில் சொன்னால், ‘எந்தத் தேர்வுக்கு?’ என்ற கேள்விதான் முதலில் வரும். தெருவுக்குத் தெரு பயிற்சி மையங்களின் தட்டிகள் நிற்கும் ஊரில் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. கணித முகாமில் வேகமாக விடை குறிக்கச் சொல்லித்தர மாட்டார்கள். ஒரே கணக்கோடு இரண்டு நாள் மல்லுக்கட்டவும், கண்டுபிடித்ததை மற்றவர் மறுக்க முடியாதபடி எழுதிக்காட்டவும் பழக்குவார்கள். எந்த முகாமுக்குச் செல்வது, எப்படித் தயாராவது என்பதையெல்லாம் இதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

எல்லா முகாமுக்கும் விண்ணப்பித்துச் சேர்ந்துவிட முடியாது. பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடுக்கான தேசியப் பயிற்சி முகாமில் இடம்பெற ஐ.ஓ.கியூ.எம். என்னும் தகுதித் தேர்வு, வட்டார ஒலிம்பியாடு, தேசிய ஒலிம்பியாடு ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். இறுதியில் இந்திய அணிக்கு 6 பேர் தேர்வாவார்கள். முதல் தேர்வு அண்மை ஆண்டுகளில் செப்டம்பரில் நடக்கிறது. எனவே மார்ச்சில் விசாரிக்கத் தொடங்குபவருக்கு அந்த ஆண்டின் வண்டி போய்விட்டது என்றே பொருள். கல்லூரியில் கணிதம் படிப்பவர்களுக்கு, பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். (கணிதப் பயிற்சி, திறன் தேடல்) திட்டம் பொருத்தமானது. அங்கே ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் வழக்கம் இல்லை. கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு, தேற்றத்தை மாணவர் வாயிலிருந்தே வரவழைப்பார்கள். துறை ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் இத்தகைய முகாம்களுக்குத் தேவைப்படும் என்பதால், உங்களை நன்கறிந்த ஒருவரிடம் பொங்கல் விடுமுறை முடிந்ததுமே கேட்டு வைத்துவிடுங்கள்.

பள்ளி மாணவர்களுக்கு இன்னொரு மரபும் உண்டு. 1957இல் அமெரிக்காவில் அர்னால்டு ராஸ் தொடங்கிய முகாமும், 1989இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிராமிஸ் முகாமும் விண்ணப்பத்தோடு ஒரு கணக்குத் தாளையும் தருகின்றன. நேரக் கட்டுப்பாடின்றி வீட்டிலிருந்தே விடை எழுதி அனுப்ப வேண்டும். இவ்வழியைப் பின்பற்றும் எந்த முகாமிலும் மதிப்பெண் பட்டியலைவிட அந்தத் தாளுக்கே மதிப்பு அதிகம்.

அதை எப்படி எழுதுவது என்பதற்கு வீட்டு வாசலிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. இடைப்புள்ளிக் கோலத்தில் நடுவரிசைக்கு 3 புள்ளி வைத்து இருபுறமும் 2இல் நிறுத்தினால் மொத்தம் 7 புள்ளிகள். ‘5 புள்ளி, 3 வரை’ என்றால் 19. ‘7 புள்ளி, 4 வரை’ என்றால் 37. ஒற்றைப் புள்ளியில் தொடங்கி இவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 1, 8, 27, 64 என்று கன எண்களாகவே வரும். ‘இப்படியே தொடரும்’ என்று எழுதி இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் பலர். திருத்துபவர் எதிர்பார்ப்பதோ அதற்கு அடுத்த வரியை. ஏன் தொடர வேண்டும்? 64 சிறு கட்டைகளை அடுக்கி ஒரு பெரிய கனசதுரம் செய்து, ஒரு மூலையில் சந்திக்கும் மூன்று முகங்களின் கட்டைகளை மட்டும் உரித்தெடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 27 கட்டைகள் மிஞ்சும், உரித்தவை 37. அந்த மூலைக்கு நேரெதிரே நின்று பார்த்தால் உரித்த கட்டைகள் நம் கோலப் புள்ளிகளைப் போலவே அறுகோணமாக அமைந்திருக்கும். எத்தனை பெரிய கனசதுரத்துக்கும் இந்த உரிப்பு பொருந்தும் என்று காட்டியபின்தான் நிறுவல் முடிகிறது.

கணக்கு முழுவதும் வராவிட்டாலும் தாளை வெறுமையாக விடாதீர்கள். எந்தச் சிறிய எண்களுக்குச் சரிபார்த்தீர்கள், எந்த வழி ஏன் பலிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். யாராவது குறிப்புத் தந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இணையத்திலிருந்து எடுத்தெழுதிய விடை ஆசிரியர்களின் கண்ணுக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

தயாரிப்புக்காகத் தடித்த நூல்களை வாங்க வேண்டியதில்லை. நம் மாநிலப் பத்தாம் வகுப்புப் பாடநூலிலுள்ள யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றம், மட்டு எண்கணிதம், பதினொன்றாம் வகுப்பிலுள்ள கணிதத் தொகுத்தறிதல் ஆகியவற்றைத் தேர்வுக்காக அல்லாமல் நிதானமாக மறுபடி படித்தால், எண் கோட்பாட்டின் முதல் வாரத்தைச் சமாளிக்கலாம். தமிழ்வழியில் படித்தவர்கள் பகா எண், வகுஎண், மீதி போன்றவற்றின் ஆங்கிலப் பெயர்களை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். நாற்பது, ஐம்பது சொற்களுக்கு மேல் தேவைப்படாது. கரும்பலகையில் குறியீடுகள் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். மே மாதத்தில் பாண்டியன் விரைவு ரயிலில் இடம் கிடைப்பது எளிதல்ல என்பதால், தேதி உறுதியானதும் பதிந்துவிடுங்கள். முகாம் தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலோ சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் கழகத்திலோ நடக்குமானால் தாம்பரத்தில் இறங்குவது வசதி. மாட்டுத்தாவணியிலிருந்து பேருந்தில் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பேருந்து நின்றுவிடுவது கிளாம்பாக்கத்தில், சிறுசேரிக்கு அருகே இருப்பது கேளம்பாக்கம். இரண்டு எழுத்துகள்தான் மாறுகின்றன. ஆனால் இரண்டு ஊர்களும் வெவ்வேறு சாலைகளில் இருக்கின்றன. சில ஆண்டுகளில் முகாம் தேதியும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் ஒன்றாக வந்துவிடும். உறவினர் கூடும் வீடாக இருந்தால் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

முகாமில் முதல் மூன்று நாட்கள்தான் கடினம். பள்ளியிலோ வகுப்பிலோ முதலாவதாக இருந்து பழகியவர், அங்கே தம்மைவிட விரைவாகச் சிந்திக்கும் பத்துப் பேரைப் பார்ப்பார். நான் சென்ற முதல் முகாமில் நான்காம் நாள் வரை வாய் திறக்கவில்லை; பிறகு ஒருநாள் இரவு உணவின்போதுதான் பக்கத்திலிருந்தவருக்கும் அதே இடத்தில் புரியவில்லை என்று தெரிந்தது. ஆகையால் ‘இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?’ என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கேள்வி அவ்வளவு குறிப்பாக இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ‘எதுவுமே புரியவில்லை’ என்றால் எங்கே தொடங்குவது என்று ஆசிரியருக்கும் தெரியாது.

கூடிப் பேசுவது நல்லதுதான், ஆனால் ஒரு கணக்குக்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது தனியே உட்கார்ந்த பிறகே மற்றவரிடம் போங்கள். கலந்து பேசிக் கிடைத்த விடையையும் அறைக்குத் திரும்பிக் குறிப்பைப் பார்க்காமல் நீங்களே எழுதிப் பாருங்கள். பலருடைய தீர்வு அந்த நேரத்தில்தான் பாதியில் நின்றுபோகும். இதற்காக இரண்டு நோட்டுகள் கொண்டுசெல்லுங்கள்: கிறுக்க ஒன்று, திருத்தமாக எழுத ஒன்று. கிறுக்கல் நோட்டை வீசிவிடாதீர்கள். தவறான வழிகள் எல்லாம் அதில்தான் இருக்கும்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே, தீராமல் கொண்டுவந்த கணக்குகளைத் தனித் தாளில் எழுதி, முகாமில் பழகிய இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும், ஆசிரியரின் அனுமதியோடு சனிக்கிழமை மாலை ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, ஆர்வமுள்ள நான்கைந்து பேரோடு அந்தத் தாளிலிருந்து வாரத்துக்கு ஒரு கணக்கைக் கரும்பலகையில் போடலாம். முதல் வாரத்துக்கு அந்த 37 புள்ளிக் கோலமே போதும்.