விசித்திரமான தாத்தாக்களும் ஒரு சிறுவனும்: இவ்வகைத் திரைக்கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெற்றோரைப் பிரிந்த சிறுவன் ஒருவன், ஊரார் ஒதுங்கிப் போகும் முதிய உறவினர் வீட்டில் கொண்டுவந்து விடப்படுகிறான். தொடக்கத்தில் முறைத்துக்கொள்ளும் இருதரப்பும் நாளடைவில் ஒருவரையொருவர் விட்டுப் பிரிய முடியாதவர்களாகிறார்கள். கேட்ட மாத்திரத்தில் மனம் இளகும் இந்தக் கதைக்கரு, முழுநீளத் திரைக்கதையாக விரியும்போது பெரும்பாலும் சலிப்பூட்டிவிடுகிறது. இதற்கு எத்தனையோ காரணங்கள் சொல்லப்பட்டாலும், நான் படித்துப் பார்த்தவரை அவற்றில் பெரும்பாலானவை ஒரே தவறின் வெவ்வேறு வடிவங்களே. முதியவர்களின் விசித்திரத்தைப் பாத்திரத்தின் மீது மாட்டிவிடும் நகையாக எழுத்தாளர் கருதிவிடுகிறார். அது எதிலிருந்து முளைத்தது என்று கேட்பதே இல்லை.

பாட்டி ஒருத்தி வீட்டுக்குள் குடை பிடித்து நடக்கிறாள், தாத்தா கோழியோடு சதுரங்கம் ஆடுகிறார், சின்னத் தாத்தா குளியல் தொட்டியில் உறங்குகிறார் என்று அடுக்கிக்கொண்டே போனால், முதல் பத்து நிமிடம் அரங்கில் சிரிப்பு எழும். பதினோராவது நிமிடத்தில் சிறுவன் என்ன செய்வது என்ற கேள்வி எழும்போது, குடைக்கும் கோழிக்கும் கதையில் எந்த வேலையும் இல்லை என்பது வெளிப்பட்டுவிடும். ஒவ்வொரு கிறுக்குத்தனத்தையும் எழுதுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: இது எப்போது தொடங்கியது, எதை மறைக்கிறது, இதனால் சிறுவனுக்கு என்ன இடைஞ்சல்? மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டாக, டிம் மெக்கான்லீஸ் எழுதி இயக்கி 2003-இல் வெளிவந்த ‘செகண்ட்ஹேண்ட் லயன்ஸ்’ படத்தைச் சொல்லலாம். 1960-களின் டெக்சாஸில், வால்டர் என்ற சிறுவனை அவனுடைய தாய், தாத்தா முறையாகும் ஹப், கார்த் என்ற சகோதரர்களின் பண்ணை வீட்டில் விட்டுச் செல்கிறாள். கிழவர்கள் இருவரும் திண்ணையில் துப்பாக்கியோடு அமர்ந்து, வாசலுக்கு வரும் விற்பனைப் பிரதிநிதிகளைச் சுட்டு விரட்டுகிறார்கள். வெறும் வேடிக்கையாகத் தோன்றும் இந்தப் பழக்கத்துக்குக் கதையில் வேர் இருக்கிறது. இவர்களிடம் பெரும் பணம் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது என்ற வதந்தி ஊரெங்கும் பரவியிருப்பதால்தான் விற்பனையாளர்கள் வருகிறார்கள். சிறுவனின் தாய் அவனை இங்கே விட்டதற்குப் பின்னாலும் அந்தப் பணத்தின் மீதுள்ள கண்தான் இருக்கிறது. ஆக, துப்பாக்கிச் சத்தம் ஒவ்வொரு முறை கேட்கும்போதும், தானும் பணத்துக்காக அனுப்பப்பட்ட ஒருவனே என்ற உறுத்தலைச் சிறுவன் சுமக்க நேர்கிறது. பின்னர், விற்பவர் என்னதான் கொண்டுவந்திருக்கிறார் என்று பார்க்கலாமே என அவன் சொல்லும்போது, விரட்டும் பழக்கம் வாங்கும் பழக்கமாகத் திரும்பி, வேட்டையாடுவதற்கென்று ஒரு கிழட்டுச் சிங்கம் வந்து இறங்கும் அளவுக்குக் கதையை நகர்த்துகிறது. விசித்திரம் இங்கே ஓரிடத்தில் நிற்கவில்லை. சிறுவன் கை பட்டதும் வடிவம் மாறுகிறது.

இதே படத்தில் ஹப் இரவில் தூக்கத்தில் எழுந்து நடந்து, கண்ணுக்குத் தெரியாத பகைவரோடு வாள்சண்டை இடுகிறார். அவர் இழந்த மனைவியின் கதை தெரியவரும்போது, முதலில் சிரிக்க வைத்த காட்சி வேறொன்றாகிவிடுகிறது. அந்தக் கதையின் பெரும்பகுதியை ஹப் தாமே சொல்வதில்லை, தம்பி கார்த் சொல்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு முதியவர்களைப் படைத்துவிட்டு இருவருக்கும் ஒரே குணத்தையும் ஒரே வசன நடையையும் கொடுப்பது மிகப் பரவலான பிழை. ஒருவரின் வசனத்தை மற்றவர் வாயில் வைத்தாலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், ஒருவரை நீக்கிவிடுவதே நல்லது. பேசாதவர் ஒருவர், அவரைப் பற்றிப் பேசுபவர் ஒருவர் என்று பிரித்துவிட்டால், கேட்கும் சிறுவனோடு சேர்ந்து பார்வையாளரும் தாமாகவே முடிவுக்கு வர இடம் கிடைக்கும். அப்படிப் பேசாமலிருப்பதற்கு ராபர்ட் டுவாலும், சொல்லிக்கொண்டிருப்பதற்கு மைக்கேல் கெயினும் நடிகர்களாக வாய்த்தது, அந்தப் படத்தின் கொடுப்பினை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விசித்திரத்தையும் நோயையும் குழப்பிக்கொள்வது இன்னும் மோசமான தவறு. பெயர் மறப்பது, சாப்பிட்டதை மறந்து மீண்டும் கேட்பது, வழி தெரியாமல் நிற்பது ஆகியவற்றைச் சிரிப்புக்காக எழுதுபவர், அந்த வீட்டிலேயே வாழப்போகும் சிறுவனுக்கு அது எவ்வளவு அச்சம் தருவது என்பதை யோசிப்பதில்லை. மறதியை எழுதக் கூடாது என்பதல்ல; எழுதினால், சிரிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சிறுவனின் முகம் சொல்ல வேண்டும்.

சிறுவனின் பாத்திரத்துக்கு வருவோம். பெரியவர்களைச் சுவையாக எழுதிய களைப்பில் எழுத்தாளர் அவனை நடமாடும் கேமராவாக விட்டுவிடுகிறார். அவன் பார்க்கிறான், வியக்கிறான், கடைசியில் அழுகிறான், ஆனால் எதையும் விரும்புவதில்லை. அல்லது அதற்கு நேர்மாறாக, எட்டு வயதில் எண்பது வயதின் ஞானத்தைப் பேசி, கிழவர்களைத் திருத்த வந்த குருவாகிவிடுகிறான். இரண்டுமே பார்வையாளரை அந்நியப்படுத்தும். லீ ஜியோங் ஹ்யாங் இயக்கி 2002-இல் வெளிவந்த ‘தி வே ஹோம்’ என்ற கொரியப் படத்தில் வரும் நகரத்துச் சிறுவன், சொல்லப்போனால், பிடிவாதமும் குரூரமும் நிறைந்தவன். மலைக் கிராமத்தில் வாய் பேச முடியாத பாட்டியிடம் விடப்பட்ட அவன், கையடக்க விளையாட்டுக் கருவிக்கு பேட்டரி வாங்குவதற்காக அவளுடைய கொண்டை ஊசியையே திருடுகிறான். எவ்வளவு சின்ன ஆசை, எவ்வளவு பெரிய துரோகம்! அவனை நமக்குப் பிடிக்க வைக்க வேண்டும் என்ற பதற்றம் அந்த இயக்குநருக்கு இல்லாததால்தான், பின்னர் அவன் இளகும்போது நம்ப முடிகிறது.

இளகும் வேகத்திலும் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரே பாட்டில் மீன் பிடித்து, மரம் ஏறி, மழையில் நனைந்து, பாட்டு முடியும்போது உறவு கனிந்துவிட்டதாகக் காட்டுவது எழுதியவரின் சோம்பல். மேற்சொன்ன படத்தில் பேரன் பொரித்த கோழி கேட்கிறான். பாட்டி மழையில் நனைந்து உயிர்க்கோழி ஒன்றைக் கொண்டுவந்து, தனக்குத் தெரிந்தபடி வேகவைத்துத் தருகிறாள். அவன் கத்தி அழுது ஒதுக்கிவிட்டு, பசி தாங்காமல் இரவில் தனியே எழுந்து உண்கிறான். நனைந்ததில் நோயுற்ற பாட்டியை மறுநாள் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அன்பு அரங்கேறும் காட்சி என்று ஒன்றைத் தனியே சுட்ட முடியாதபடி, தவறிப்போன ஒரு சமையலுக்குள்ளேயே எல்லாம் நிகழ்ந்துவிடுகிறது.

விட்டுச் செல்லும் தாயையோ தந்தையையோ அரக்கராக்கிவிடுவது எழுத்தாளருக்கு வசதி. சிறுவன் யாரோடு இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு உடனே விடை கிடைத்துவிடும். விடை அவ்வளவு எளிதாகக் கிடைத்தால் கதை எதற்கு? ‘செகண்ட்ஹேண்ட் லயன்ஸ்’ இவ்விடத்தில் பாதிதான் தேறுகிறது என்பது என் கருத்து. பொய் சொன்னாலும் மகன் மீது பாசமுள்ள தாயை முரண்களோடு காட்டிய படம், அவளோடு வரும் ஆணை அடித்து மிரட்டும் அட்டை வில்லனாக நிறுத்தி, முடிவெடுக்கும் சுமையைச் சிறுவனின் தோளிலிருந்து இறக்கிவிடுகிறது. அது போலவே, கார்த் சொல்லும் பாலைவனச் சாகசங்கள் உண்மையா என்பதைவிட அவற்றை நம்புவது தகுமா என்பதே முக்கியம் என்று வாதிட்டுவிட்டு, இறுதியில் அவை உண்மை என்பதற்குச் சாட்சியாக ஒருவரை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்குவதும் எனக்குச் சற்று உறுத்துகிறது. பெரியவர்கள் சொல்லும் பழங்கதைகளை ஃபிளாஷ்பேக்காக எடுக்க நினைப்பவர்கள், அது நடந்தபடியா, சொல்பவரின் நினைவிலா, சிறுவனின் கற்பனையிலா என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். வண்ணமும் நடிப்பும் அதைப் பொறுத்தே அமையும்.

தமிழில் எழுதுபவர் எதிர்கொள்ளும் ஒரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்ற ஒரே சொல் மாமா, சித்தப்பா, பெரியப்பா, பெரியவர் எல்லாரையும் அணைத்துக்கொள்ளும். தமிழில் முறை சொல்லாமல் உறவினரை விளிப்பது கடினம். அயல்மொழிப் படத்தைப் பார்த்த பாதிப்பில் எழுதும்போது அம்மாவின் சித்தப்பாவைச் சிறுவன் ‘மாமா’ என்றழைத்தால், தலைமுறையே மாறிவிடும். மாறாக, முதல் அரை மணி நேரம் எந்த முறையும் சொல்லாமல் ‘இங்க பாருங்க’ என்று மட்டுமே பேசும் சிறுவன், தன்னையறியாமல் ‘தாத்தா’ என்று அழைத்துவிடும் இடம், பக்கம் பக்கமான வசனத்தைவிட வலுவானது.

படப்பிடிப்பு சார்ந்த ஒரு குறிப்பு: குழந்தை நடிகர்களின் வேலை நேரத்துக்குப் பல நாடுகளில் சட்ட வரம்பு உள்ளது. எல்லாக் காட்சியிலும் சிறுவனை நிறுத்தி எழுதிவிட்டுப் பிறகு திண்டாடுவதைவிட, முதியவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் காட்சிகளைத் திரைக்கதையிலேயே திட்டமிடுவது நல்லது.

இனி, மரணம். முக்கால்வாசிப் படம் ஓடியதும் தாத்தாவுக்கு இருமல் வந்தால், அடுத்த காட்சி எது என்று அரங்கில் உள்ள குழந்தைக்கும் தெரிந்துவிடுகிறது. இறப்பு வரக் கூடாது என்பதில்லை. கண்ணீருக்கான பொத்தானாக வரக் கூடாது. நியூசிலாந்தின் டைக்கா வைட்டிட்டி 2016-இல் எடுத்த ‘ஹன்ட் ஃபார் த வில்டர்பீப்பிள்’ படத்தில், ஆதரவற்ற சிறுவனை ஏற்றுக்கொண்ட பெண் தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறாள். அவளுடைய சிடுசிடுப்பான கணவரும் சிறுவனும் காட்டுக்குள் அலைவதற்கு அந்த இறப்பே காரணமாகிறது. ‘செகண்ட்ஹேண்ட் லயன்ஸ்’ படமோ, கிழவர்கள் இறந்த செய்தி வளர்ந்துவிட்ட வால்டருக்குத் தொலைபேசியில் வந்து சேர்வதில் தொடங்கி, அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லப் போகிறது. இரண்டிலும் மரணம் கதையை முடிப்பதில்லை, தொடங்கி வைக்கிறது.

கடைசிக் காட்சியில் சிறுவன் நன்றி சொல்லி நீளமாகப் பேசுவதை எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு, முன்பு எங்கோ வந்துபோன ஒரு சைகையோ பொருளோ மீண்டும் வர முடியுமா என்று தேட வேண்டும். கொரியப் பாட்டிக்கு நெஞ்சைக் கையால் வட்டமாகத் தடவுவதுதான் மன்னிப்புக் கேட்கும் வழி. படம் முழுக்க அதை அலட்சியப்படுத்திய பேரன், நகரத்துக்குத் திரும்பும் பேருந்து கிளம்பியதும் பின்பக்கக் கண்ணாடிக்கு ஓடிவந்து, தன் நெஞ்சை அதேபோலத் தடவிக் காட்டுகிறான்.